மின்சார சபையைப் பிரிச்சா எங்கட பில் குறையுமோ?

கேள்வி: மின்சார சபையைக் கொம்பனிகளாய்ப் பிரிக்கிறதைப் பற்றித்தான் எங்கையும் கதை. லண்டனில இருக்கிற மகன் சொல்லுறான், அங்க விரும்பின கொம்பனியிட்ட கரண்ட் எடுக்கலாம், பிடிக்காட்டி மாத்தலாம் எண்டு. ஸ்காபரோவில இருக்கிற தம்பி, "அக்கா, ஆரும் பேப்பரோட வாசலுக்கு வந்தா கையெழுத்து மட்டும் வைச்சிடாதேங்கோ" எண்டு பயப்பிடுத்திறார். இனி நாங்களும் தெரிவு செய்யலாமோ? பில் குறையுமோ? (கொக்குவில் வாசகி)

பதில்: அம்மா, தெரிவு செய்ய ஏலாது. உங்கட வீட்டுக்கு வாற வயர் ஒண்டு, அதில கரண்ட் விக்கிறதும் ஒரு ஆள்தான், இந்தப் பிரிப்பால அது மாறாது. 2024இல வந்த 36ஆம் இலக்கச் சட்டமும் 2025இல செய்த திருத்தமும் சபையைப் பிரிக்கத்தான் வழி செய்தது, உற்பத்தி ஒரு பக்கம், பெரிய லைன் ஒரு பக்கம், விநியோகம் இன்னொரு பக்கம் எண்டு, அதுகும் அரசாங்கத்தின்ர கையிலதான். பிரிக்கிறது வேற, கன கொம்பனிகள் போட்டி போட்டு விக்கச் சந்தையைத் திறந்து விடுறது வேற. மகன் சொல்லுறது ரெண்டாவதை.

அந்த ரெண்டாவதால பில் குறையுமோ எண்டு கேட்டா, வெளியில நடந்ததைத்தான் பாக்கோணும். தம்பி இருக்கிற கனடாவின்ர ஒன்ராறியோ மாகாணத்தில 2002 மே மாசம் சந்தையைத் திறந்தவை, அந்தக் கோடையில வெக்கை கூடி ஏசி ஓட விலை ஏறி, சனம் கத்தி, நவம்பரிலயே அரசாங்கம் யூனிற் 4.3 கனடா சதம் எண்டு விலையைக் கட்டிப் போட்டுது. பிறகு வீடு வீடாய் வந்து அஞ்சு வருசத்துக்கு ஒரே விலை எண்டு சொல்லிக் கையெழுத்து வாங்கினவை, ஆனா அந்த விலைக்கு மேல "குளோபல் அட்ஜஸ்ட்மென்ட்" எண்டு இன்னொரு கணக்கும் பில்லில ஏறுமெண்டதை எத்தினை பேர் விளங்கிக் கையெழுத்து வைச்சதோ தெரியாது. 2017 தொடக்கம் வாசலில வந்து விக்கிறதையே தடை செய்து போட்டினம். தம்பியின்ர பயம் நியாயமான பயம்.

அமெரிக்காவின்ர ரெக்சஸில நடந்ததை யோசிச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு கனக்கும். 2021 பெப்ரவரியில பனிப்புயல் அடிச்சு, பவர் ஸ்ரேசனுகளும் காஸ் லைனுகளும் உறைஞ்சு, கொம்பனிகள் கரண்ட் வாங்கிற மொத்த வியாபார விலை உச்ச வரம்புக்குப் போய் நிண்டுது, ஒரு மெகாவாட் மணிக்கு 9000 டொலர். அதாவது ஒரு யூனிற் 9 டொலர். அந்த மொத்த வியாபார விலையை அப்பிடியே வீட்டுக்குத் தாற பிளான் எடுத்த சனத்துக்கு, மற்ற நாளில மலிவாத்தான் இருந்தது, அந்த ஒரு கிழமையில ஆயிரக்கணக்கான டொலர் பில் வந்துது. குளிருக்கு ஹீற்றர் போட்ட குற்றம், வேற ஒண்டுமில்லை.

லண்டன் மகனுக்கும் சொல்லுங்கோ, அங்க 2021இல காஸ் விலை ஏறேக்கை இருபத்தஞ்சுக்கு மேல கொம்பனிகள் விழுந்தது. வீடுகளில கரண்ட் நிக்கேல்லை, வேற கொம்பனிக்கு மாத்திவிட்டவை, ஆனா அந்தச் செலவை எல்லாற்ற பில்லிலயும் போட்டவை. மலிவு விலையெண்டு வேற கொம்பனிக்கு ஒருநாளும் மாறாத ஆளும் அதுக்குக் கட்டினது. 2019இல இருந்து ஒஃப்ஜெம் எண்ட அங்கத்தைய கரண்ட், காஸ் கண்காணிப்பு அமைப்பு விலைக்கு மேல்வரம்பு வைக்கிறபடியாத்தான் அங்க சனம் ஓரளவுக்காவது தப்புது.

அதுதான் எங்களுக்கும் விசயம் அம்மா. ஆரின்ர பேரில பில் வருது எண்டதை விட, அந்த விலையை ஆர் சரி பாக்கினம் எண்டதுதான் முக்கியம். இங்க அது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. 2025 முதல் அரைவருசத்துக்கு விலையை மாத்தத் தேவையில்லை எண்டுதான் சபை கேட்டது, ஆணைக்குழு சனத்திட்டயும் கருத்துக் கேட்டு, கணக்கைப் பாத்து, ஜனவரியில 20 வீதம் குறைச்சது. அதே வருசம் ஜூனில 15 வீதம் கூட்டினதும் அவைதான், ஆனா சபை கேட்டது அதை விடக் கூட. விலை மாத்தேக்கை ஆணைக்குழு கருத்துக் கேட்டு அறிவிக்கும், எழுதியும் அனுப்பலாம், கூட்டத்துக்குப் போய் நேரிலயும் சொல்லலாம். ஜாம் போத்தில் விளக்கில படிச்சு, சைக்கிள் டைனமோ சுத்தி ரேடியோ கேட்ட ஊர் இது, கரண்டின்ர அருமை எங்களை விட ஆருக்குத் தெரியும், ஆனா கருத்துக் கேக்கேக்கை எங்கட பக்கத்தால எழுதிற ஆக்கள் குறைவு எண்டது எனக்குப் பெரிய கவலை. தமிழிலயே எழுதுங்கோ.

கேள்வி: போன மாசம் 58 யூனிற், இந்த மாசம் 64. ஆறு யூனிற்றுக்கு இவ்வளவு காசு ஏறுமோ? மீற்றர் பிழையோ? (நெல்லியடி வாசகர்)

பதில்: மீற்றரைக் குறை சொல்ல முதல் பில்லில எத்தினை நாள் எண்டு பாருங்கோ. 60 யூனிற்றுக்குள்ள இருக்கிற வீட்டுக்கு ஒரு விலைப் பட்டியல், 60 தாண்டின வீட்டுக்கு வேற பட்டியல். தாண்டின உடனை கடைசி நாலு யூனிற்றுக்கு மட்டும் இல்லை, முதல் யூனிற்றில இருந்தே விலை மாறும், நிலையான கட்டணமும் ஏறும். அதாலதான் அந்தப் பாய்ச்சல்.

ஆனா இந்த 60 எண்டது 30 நாளுக்குரிய கணக்கு, நாளுக்கு 2 யூனிற். றீடிங் எடுக்கிறவர் ரெண்டு நாள் பிந்தி வந்து 32 நாள் ஆகியிருந்தா உங்கட எல்லை 64, நீங்கள் தாண்டேல்லை. 30 நாளிலயே 64 எண்டாத்தான் தாண்டினது. நாள் கூடியும் எல்லையை 60 எண்டே வைச்சுக் கணக்குப் போட்டிருந்தா பில்லையும் கொண்டு கந்தோருக்குப் போங்கோ, திருத்தித் தரோணும்.

எங்கட வீட்டில மீற்றர் பெட்டிக்குப் பக்கத்தில ஒரு கலண்டர் தொங்குது. ஞாயிறு விடிய மீற்றர் இலக்கத்தை அந்தக் கட்டத்திலயே பென்சிலால எழுதிறது என்ர வேலை. ஒரு கிழமைக்கு 14 தாண்டினா அண்டைக்கே தெரியும், கிணத்து மோட்டர்தான் கூட ஓடியிருக்கும், இல்லாட்டி ஆரோ அயர்ன் பண்ணிப் போட்டு சுவிச்சை நிப்பாட்டேல்லை.