தியேட்டரில் பிரமாதமாக இருந்த சூப்பர் ஹீரோ படம் வீட்டு டிவியில் ஏன் இப்படி இருக்கிறது?

கேள்வி: கோடை லீவு, சனிக்கிழமை மதியம். எல்லோரும் உட்கார்ந்து ஒரு பெரிய பட்ஜெட் சூப்பர் ஹீரோ படம் போட்டோம். தியேட்டரில் பார்த்தவர்கள் ஆகா ஓகோ என்று சொன்ன படம். டிவியிலோ பாதிப் படம் கும்மிருட்டு, பேசுவது காதில் விழவில்லை, சண்டை வந்தால் காது கிழிகிறது, மொத்தத்தில் மெகா சீரியல் மாதிரி இருந்தது. கோளாறு படத்திலா, டிவியிலா?

பதில்:

பெரும்பாலும் டிவியிலும் அறையிலும்தான். ஆனால் நீங்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. சுலபமானதை முதலில் முடித்துவிடலாம்.

சீரியல் மாதிரி தெரிவதற்குக் காரணம் மோஷன் ஸ்மூத்திங். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். டிவி தன் பங்குக்கு நடுவில் இல்லாத ஃபிரேம்களைக் கணக்குப் போட்டுச் செருகி, 60 அல்லது 120 ஆக்கிவிடுகிறது. அசைவு வழுக்கிக்கொண்டு ஓடும், பல கோடி செலவழித்த செட் அட்டைச் செட்டாகத் தெரியும். வேகமான சண்டையில் இன்னும் மோசம். வீசிய கேடயத்தைச் சுற்றி நீர் அலைபோல ஒரு விளிம்பு நெளிந்தால், அது கிராஃபிக்ஸ் பிழை இல்லை, டிவி தப்பாக ஊகித்த ஃபிரேம். எல்ஜியில் இதன் பெயர் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி அல்லது ஆட்டோ மோஷன் பிளஸ். அணைத்துவிடுங்கள். 2019-க்குப் பின் வந்த பல டிவிகளில் ஃபிலிம்மேக்கர் மோட் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் இதோடு சேர்த்து ஷார்ப்னெஸ், நாய்ஸ் ரிடக்ஷன் அலங்காரங்களும் போய்விடும். அது இல்லாவிட்டால் சினிமா அல்லது மூவி மோட். முதல் பத்து நிமிடம் படம் மஞ்சளடித்த மாதிரி இருக்கும். அதுவரை பார்த்துப் பழகியது நீலம் ஏற்றிய வெள்ளை என்பதால் வரும் உறுத்தல் அது. கண் பழகிவிடும், திரும்ப மாற்றாதீர்கள்.

இனி இருட்டு. தியேட்டர் திரையின் வெளிச்சம் சாதாரணமாக 48 நிட்ஸ்தான் (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அளவு). உங்கள் டிவி அதைப்போல ஐந்தாறு மடங்காவது பிரகாசிக்கும். அப்படியிருந்தும் தியேட்டரில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது என்றால், அங்கே வேறு வெளிச்சம் இல்லை என்பதுதான் காரணம். மதியம் இரண்டு மணிக்கு ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால், டிவி காட்டும் மங்கலான நிழல்களைவிடக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அதிகமாகிவிடும். இரவில், மழையில், கறுப்பு உடை போட்டவன் கறுப்புக் கட்டடத்தின் மேல் நிற்கும் காட்சியில் தெரிய என்ன மிச்சம் இருக்கும்? டிவிக்கு நேர் எதிரே ஜன்னல் இருந்தால் அதற்கு முதலில் கனத்த திரைச்சீலை போடுங்கள். பக்கவாட்டு ஜன்னல் அவ்வளவு தொந்தரவு தராது. திரைச்சீலை போட வழியில்லை என்றால் இருட்டுப் படத்தை இரவுக்குத் தள்ளிவைப்பது எந்த செட்டிங்ஸையும்விட நல்ல வைத்தியம்.

அறையைச் சரிசெய்த பிறகும் இருட்டாக இருந்தால், எனர்ஜி சேவிங், லைட் சென்சார் இரண்டையும் அணையுங்கள். அறை இருட்டானால் திரையையும் சேர்த்து மங்கச் செய்வது அவற்றின் வேலை. அடுத்து பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை, ஏற்றுங்கள். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள்: சில டிவிகளில் பிரைட்னஸ் என்று எழுதியிருப்பது வெளிச்சத்தை அல்ல, கறுப்பு எவ்வளவு கறுப்பு என்பதை மாற்றும். அதை ஏற்றினால் படம் பிரகாசமாகாது, சாம்பல் பூசிக்கொள்ளும்.

அந்தக் கறுப்பைச் சரியாக வைக்கக் கருவி எதுவும் வேண்டாம், படத்தின் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டையே போதும். அறையை இருட்டாக்கி, இருண்ட காட்சி ஒன்றில் படத்தை நிறுத்துங்கள். கறுப்பை மாற்றும் அந்த பிரைட்னஸ் செட்டிங்கை ஒவ்வொரு எண்ணாக ஏற்றிக்கொண்டே பட்டையைப் பாருங்கள். பட்டை லேசாக வெளுக்கத் தொடங்கும் இடத்தில் ஒரு எண் பின்னால் வாருங்கள். இப்போது நாயகனின் தோள்பட்டையும் பின்சுவரும் தனித்தனியாகத் தெரிந்தால் சரி. இன்னும் ஒட்டிக்கொண்டே இருந்தால், அதுவும் ஸ்டிக், செட்டாப் பாக்ஸ், லேப்டாப் வழியாகப் பார்க்கிறீர்கள் என்றால், எச்டிஎம்ஐ ரேஞ்சைச் சந்தேகப்படுங்கள். கறுப்பு முதல் வெள்ளை வரை எந்த எண்களில் அனுப்புவது என்ற செட்டிங் அது. அந்தக் கருவி 0 முதல் 255 வரை அனுப்ப, டிவி 16 முதல் 235 வரைதான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தால், 16-க்குக் கீழே உள்ள நிழல் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். இரண்டிலும் லிமிடெட் (16 முதல் 235) வையுங்கள். இதே தவறு தலைகீழாக நடந்தால் படம் பால் கலந்ததுபோல வெளுத்திருக்கும்.

எச்டிஆர், அதாவது பிரகாசத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகமாகக் காட்டும் முறை, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1000 நிட்ஸ், 4000 நிட்ஸ் கணக்கில் தயாரித்த படத்தை 300 நிட்ஸ் டிவி காட்டும்போது எல்லாவற்றையும் கீழே அமுக்க வேண்டியிருக்கிறது. டிவி வந்த அட்டைப்பெட்டியில் எச்டிஆர் முத்திரை இருந்தாலும் விலை குறைந்த பல டிவிகளின் நிலை இதுதான். இந்த டிவிகளில் ஸ்டிக் அல்லது செட்டாப் பாக்ஸின் செட்டிங்ஸில் எச்டிஆரை அணைத்துப் பாருங்கள். பல நேரம் சாதாரணப் படமே தெளிவாக இருக்கும். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. டால்பி விஷன் (எச்டிஆரில் ஒரு வகை) இருந்தால் அதற்குள் பெரும்பாலும் பிரைட், டார்க் என்று இரண்டு இருக்கும். பகலில் பிரைட்.

இத்தனையும் செய்து, விளக்கணைத்த அறையிலும் அந்தச் சண்டையில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று புரியவில்லையா? அப்போது தாராளமாக இயக்குநரைத் திட்டலாம். கிராஃபிக்ஸின் குறையை மறைக்க இருட்டையும் மழையையும் அள்ளித் தெளிப்பது இந்த வகைப் படங்களில் புதிதல்ல.

சத்தத்துக்கு வருவோம். தியேட்டரில் ஒலியளவுக்கு 85 டெசிபல் என்று ஒரு அடிப்படை உண்டு. வெடிச் சத்தத்தின் உச்சம் ஒரு சேனலுக்கு 105 வரை போகலாம். வீட்டில் நாம் வைக்கும் வால்யூம் இதைவிட 15, 20 டெசிபல் குறைவு. அங்கே 60-ல் கேட்ட முணுமுணுப்பு இங்கே 40-க்கு இறங்கிவிடும். முழு வேகத்தில் ஓடும் ஃபேனும் ஏசியும் சேர்ந்தாலே அதை விழுங்கிவிடும். வசனத்துக்காக வால்யூமை ஏற்றினால் அடுத்த காட்சியில் கட்டடம் இடியும். ரிமோட்டைக் கீழே வைக்க முடியாது.

5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கருக்கும், கனத்த அதிர்வு தரும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனி சேனல்) வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கிறது. டிவியில் நடு ஸ்பீக்கர் இல்லாதபோது அதை இடமும் வலமும் பிரித்து, இசையோடும் இரைச்சலோடும் கலக்கிறார்கள். எனவே டிவி ஸ்பீக்கர் மட்டும்தான் என்றால், ஆப்பின் ஆடியோ மெனுவில் 5.1-ஐ விட்டு ஸ்டீரியோ டிராக்கை எடுங்கள். டிவியின் போலி சரவுண்டை அணையுங்கள், அது வசனத்தைக் குழைத்துவிடும். கிளியர் வாய்ஸ் போன்றது இருந்தால் போடுங்கள். நைட் மோட் சின்னச் சத்தத்தை ஏற்றிப் பெரிய சத்தத்தை அடக்கும். பிரம்மாண்டம் கொஞ்சம் குறையும்தான், ஆனால் தூங்கும் குழந்தை எழாது.

சவுண்ட்பார் வாங்கும் யோசனை இருந்தால் முதல் எண்ணைப் பாருங்கள். 2.1-ல் நடு ஸ்பீக்கர் கிடையாது, 3.1-ல் உண்டு. வசனத்துக்காக வாங்குவதென்றால் 3-க்குக் கீழே வேண்டாம். நடு சேனலை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றி, சப்வூஃபரை அறை மூலையிலிருந்து நகர்த்தி வையுங்கள். மூலையில் இருந்தால் தும் தும் என்று ஊதிப்போய் ஆண் குரல்களை மூடும். இணைப்பு எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை சவுண்ட்பாருக்கு அனுப்பும் எச்டிஎம்ஐ இணைப்பு) வழியாக இருக்கட்டும். ப்ளூடூத்தில் ஒலி 150, 200 மில்லிசெகண்ட் பின்தங்கும், உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் என்றாகும். டிவியில் உள்ள ஆடியோ டிலே பெரும்பாலும் ஒலியை இன்னும் தாமதப்படுத்தத்தான் உதவும். குரல் பிந்தினால் அதைப் பூஜ்ஜியமாக்குங்கள், முந்தினால் ஒவ்வொரு தடவையும் 20 மில்லிசெகண்ட் வீதம் ஏற்றுங்கள்.

கறுப்புப் பட்டையை ஒழிக்க ஜூம் மட்டும் போடாதீர்கள். உயரத்தைப்போல 2.39 மடங்கு அகலமுள்ள படம் 16:9 டிவியில் உயரத்தின் முக்கால் பாகத்தைத்தான் பிடிக்கும்; ஜூம் செய்தால் பக்கவாட்டில் நிற்கும் ஆளையே வெட்டிவிடும். பட்டை சில காட்சிகளில் மறைந்து மறைந்து வந்தால் அது பெரும்பாலும் ஐமேக்ஸ் என்ற உயரமான பெரிய திரைக்காக எடுத்த பகுதி, பழுதல்ல. பட்டையால் படம் சின்னதாகத் தெரிந்தால் நாற்காலியை முன்னால் இழுங்கள். 55 அங்குல டிவிக்கு 2 மீட்டர் தூரம் போதும்.

வானம், புகை, தண்ணீருக்கடியில் வரும் காட்சிகளில் படிக்கட்டு மாதிரி வண்ணப் பட்டைகள் தெரிந்தால் நெட் வேகக் குறைவு காரணமாக இருக்கலாம். 4கே ஓட 15 முதல் 25 எம்பிபிஎஸ் வேண்டும், மூன்று மணி நேரப் படம் 20 ஜிபியைச் சுலபமாகத் தின்னும். டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போடுங்கள், முடிந்தால் கேபிள்.

கடைசியாக ஆட்டோபிளே. பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் பல ஆப்கள் படத்தை மூலையில் சுருக்கி அடுத்த படத்தை விளம்பரப்படுத்தும். இந்த வகைப் படங்களில் பட்டியலின் நடுவில் ஒரு காட்சி, முடிவில் ஒரு காட்சி வைப்பது வழக்கம். சுருங்கிய சட்டத்தை ரிமோட்டால் தேர்ந்தெடுத்து ஓகே அழுத்தினால் முழுத்திரைக்குத் திரும்பும். ப்ரொஃபைல் செட்டிங்ஸில் ஆட்டோபிளேயை அணைத்துவிட்டால் கவுண்ட்டவுன் முடிவதற்குள் ரிமோட்டைத் தேடி சோபா இடுக்கில் கைவிட வேண்டியிருக்காது.