கடற்படை பைலட் ஒருநாள் போர்க்கப்பலுக்கு கேப்டனாக முடியுமா?

கேள்வி கேட்ட தம்பி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறார். ஹெலிகாப்டர் ஓட்டவும் ஆசை, ஒரு போர்க்கப்பலை நடத்தவும் ஆசை, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமா என்கிறார்.

இரண்டும் கிடைக்கும் தம்பி. ஆனால் பறப்பதை அவ்வப்போது வருடக்கணக்கில் விட்டுவிட்டுக் கப்பலுக்குப் போக மனசு வேண்டும். இதைத்தான் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

நான் அதிகாரி இல்லை. 15 வருடம் கடற்படையில் ஏர்கிராஃப்ட் ஹேண்ட்லராக இருந்தேன். ஹெலிகாப்டர் கப்பலில் இறங்கியதும் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தளத்தோடு இழுத்துக் கட்டுவது எங்கள் வேலை. அதனால் பைலட்டுகளையும் கேப்டன்களையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு அட்மிரல் கரம்பீர் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல் அதிகாரியானவர், அடுத்த வருடமே ஹெலிகாப்டர் பைலட்டாக விங்ஸ் (பைலட் தகுதிச் சின்னம்) வாங்கிவிட்டார். சேத்தக், காமோவ் என்ற ஹெலிகாப்டர்கள் இரண்டிலும் நிறையப் பறந்தவர். 2019 மே 31 அன்று கடற்படைத் தளபதியானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் ஹெலிகாப்டர் பைலட் அவர்தான். நடுவில் அவர் தலைமை ஏற்ற கப்பல்களைக் கவனியுங்கள்: கடலோரக் காவல்படையின் ரோந்துக் கப்பல் சாந்த்பீபி, ஏவுகணைக் கப்பல் விஜயதுர்க், பிறகு ராணா, டெல்லி என்ற இரண்டு டிஸ்ட்ராயர்கள், அதாவது பெரிய போர்க்கப்பல்கள். விஜயதுர்க்கில் ஹெலிகாப்டர் இறங்கத் தளமே கிடையாது! ஹெலிகாப்டருக்கு இடமே இல்லாத கப்பலில் போய்க் கப்பலோட்டக் கற்ற பிறகுதான், ஹெலிகாப்டர் சுமக்கும் பெரிய கப்பல்கள் அவர் கைக்கு வந்தன. எனக்கு இந்த வரிசை மேல் பெரிய மரியாதை. பைலட் என்பதற்காக யாரும் அவருக்குச் சலுகை காட்டவில்லை என்பது அதிலேயே தெரிகிறது.

கப்பலை நடத்த வேண்டுமானால் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் இடத்தில், நின்று வாட்ச் (முறைக் காவல்) பார்க்கும் தகுதி வேண்டும். நடு இரவில், மீன்பிடிப் படகுகளுக்கு நடுவே, கேப்டன் தூங்கும்போது அவர் பெயரில் கப்பலைக் கொண்டுபோகும் பொறுப்பு அது. கப்பலேறும் பைலட் அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். பறந்து வந்து ஓவரால்ஸ் மாற்றிக்கொண்டு, இரவு வாட்ச்சுக்கு பிரிட்ஜ் ஏறிய ஒரு லெப்டினன்ட் சாரை எனக்குத் தெரியும். கண் சிவந்திருக்கும், ஆனால் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.

பைலட் கேப்டனானால் என்ன வித்தியாசம் என்று டெக்கில் நிற்பவனைக் கேட்டால் சொல்வான். ஹெலிகாப்டர் இறங்க வேண்டுமானால் கப்பல் திரும்பிக் காற்றைச் சரியான பக்கத்தில் வாங்க வேண்டும். உருளலும் ஓர் அளவைத் தாண்டக் கூடாது. அந்தத் திசை கப்பல் போக வேண்டிய திசையாக இருக்காது. நேரம் போகும், கூட வரும் கப்பல்களிடமிருந்து விலக நேரும். சில கேப்டன்களுக்கு அதில் பொறுமை இருக்காது. பைலட்டாக இருந்தவர் அப்படி இல்லை. சேத்தக்குக்கு ஒரே இன்ஜின். எரிபொருள் குறையக் குறைய, ஆடுகிற ஒரு சின்னத் தளத்தை இருட்டில் பார்த்துக்கொண்டு மேலே நிற்பது எப்படி இருக்கும் என்று அவர் உடம்புக்கே தெரியும். நாங்கள் கட்டும் சங்கிலி இறுகும் வரை அவர் கப்பலைத் திருப்ப மாட்டார். கீழே ஓடும் எங்கள் உயிருக்கும் அதுதான் காவல்.

விமானந்தாங்கிக் கப்பலிலும் இப்படி ஒருவர் உண்டு. 1961 மே 18 அன்று ஐ.என்.எஸ். விக்ராந்தின் தளத்தில் முதல் ஜெட்டை இறக்கியவர் லெப்டினன்ட் தஹிலியானி. பின்னாளில் அதே விக்ராந்துக்கு அவரே கேப்டன். 1984இல் கடற்படைத் தளபதி.

அமெரிக்காவில் வழி வேறு. அங்கே விமானந்தாங்கிக் கப்பலுக்கு விமானப் பிரிவிலிருந்து வந்த அதிகாரிதான் கேப்டனாக இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஏமி பவர்ன்ஷ்மிட் என்ற ஹெலிகாப்டர் பைலட் முதலில் ஒரு ஸ்குவாட்ரனுக்கு, அதாவது பறக்கும் பிரிவுக்கு, தலைமை ஏற்றார். கப்பல் அணுசக்தியில் ஓடுவதால் அணு உலைப் படிப்பும் முடித்தார். ஆபிரகாம் லிங்கன் கப்பலில் இரண்டாம் நிலைப் பொறுப்பில் இருந்து, சான் டியாகோ என்ற கப்பலின் கேப்டனாகி, 2021 ஆகஸ்டில் ஆபிரகாம் லிங்கனுக்கே கேப்டனாகத் திரும்பினார். அமெரிக்க அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்.

இனி உங்கள் விஷயம். என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) வழியாகவோ, கேரளத்தில் இருக்கும் எழிமலா கடற்படை அகாடமியின் பி.டெக். நுழைவு வழியாகவோ நிரந்தரப் பணியில் சேரப் பாருங்கள். குறுகிய காலப் பணியில் பைலட்டாகச் சேர்வதும் நல்ல வேலைதான். ஆனால் சேவைக்காலம் வரையறுக்கப்பட்டது என்பதால் கப்பல் கேப்டன் வரை எட்டுவது கடினம். ஹெலிகாப்டர் பிரிவு கிடைத்தால் பயிற்சிக்கு அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளிக்கு வருவீர்கள், நம்ம ஊர்ப் பக்கம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பைலட் தேர்வில் கணினியில் ஒரு திறன் சோதனை உண்டு. வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். தூக்கம் கெட்டோ, காய்ச்சலோடோ அதற்குப் போய் உட்காராதீர்கள். அதில் தேறாவிட்டால் பைலட் வழி மூடிவிடும். பிரிட்ஜுக்குப் போகும் வழி அப்போதும் திறந்தே இருக்கும்.