டிபி உறுதியான பிறகு பயாப்சி எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. பல வருடமாக பீடி பிடிப்பவர். சளியில் டிபி உறுதியாகி மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது சளியில் கிருமி இல்லை. ஆனால், எக்ஸ்ரேயில் இடது நுரையீரலில் நிழல் பெரிதாகியிருக்கிறது, குரலும் கம்மிவிட்டது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? சிறுநீர் வேறு செம்மஞ்சளாகப் போகிறது. புற்றுநோயா என்று பார்க்க பயாப்சி (ஊசியால் சதைத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பது) செய்யச் சொல்கிறார்கள். ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்களே?

பதில்: செம்மஞ்சள் நிறம் ரிஃபாம்பிசின் மாத்திரையின் சாயம், அவ்வளவுதான். கண் மஞ்சளானால் மட்டும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருப்பதுதான் முக்கியம். கிருமி போய்விட்டது, நிழல் வளர்கிறது. மாத்திரை வேலை செய்தால் நிழல் சுருங்க வேண்டும். சிலருக்குச் சிகிச்சையின்போதே நிழல் கொஞ்ச காலம் பெரிதாகிப் பிறகு அடங்குவதுண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாகவும் இருக்கலாம். ஆனால், 61 வயதில் பீடி பிடிப்பவருக்குக் குரலும் கம்மினால் அப்படி நினைத்துக் காத்திருக்க மாட்டேன். குரல்வளைக்குப் போகும் நரம்பு ஒன்று இடப்பக்கம் நெஞ்சுக்குள் இறங்கித் திரும்புகிறது. அங்கே கட்டி அழுத்தினால் முதலில் குரல்தான் மாறும்.

டிபி இருக்கிறது என்பதால் புற்றுநோய் இல்லை என்று ஆகிவிடாது. பழைய டிபி தழும்புள்ள நுரையீரலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல். புற்றுநோயால் எதிர்ப்புச் சக்தி குறைந்து, உறங்கிக்கிடந்த டிபி விழித்துக்கொள்வதும் உண்டு. இரண்டுக்கும் இருமல், சளியில் ரத்தம், எடை குறைவு எல்லாம் ஒன்றுதான். ஒன்றைக் கண்டுபிடித்ததும் இன்னொன்றைத் தேடாமல் விட்டுவிடுகிறோம். உங்கள் டாக்டர் விடவில்லை, நல்லது.

ஊசி பட்டால் பரவும் என்ற பேச்சை நம்பி வாரக்கணக்கில் தள்ளிப்போட்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஊசி போகும் வழியில் பரவுவது மிக மிக அபூர்வம். தாமதத்தில்தான் உண்மையான ஆபத்து. குரலுக்கென்று மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். புற்றுநோய் என்று வந்தாலும் இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை செய்யலாம். சில புற்றுநோய் மாத்திரைகளின் வீரியத்தை ரிஃபாம்பிசின் குறைத்துவிடும் என்பதால், டிபி மாத்திரைச் சீட்டைப் புற்றுநோய் டாக்டரிடமும் காட்டுங்கள்.

அப்புறம், அப்பா இதயத்துக்கு ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் பயாப்சிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். எடுக்கும் சதையில் ஒரு துண்டை ஃபார்மலினில் (சதை கெடாமல் வைக்கும் திரவம்) போடாமல் சலைனில் (உப்பு நீர்) டிபி கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஃபார்மலினில் விழுந்தால் கிருமி செத்துவிடும். பிறகு எந்த மருந்து கேட்கும், கேட்காது என்று கல்ச்சரில் பார்க்க முடியாது.