அடுப்பைக் கட்டிக்கொண்டு திருமலை போகாதீர்கள்

கேள்வி: சித்திரை விடுமுறைக்கு மூன்று குடும்பமாக வான் பிடித்துத் திருகோணமலை போக வீட்டுக்காரரும் மச்சானும் திட்டம் போடுகிறார்கள். போன வருஷப் பயணத்துக்கு நானும் அம்மாவும் சாமம் ஒரு மணிக்கு எழும்பிச் சமைத்தோம். கடற்கரையிலும் பரிமாறுவதும் கோப்பை கழுவுவதும்தான் எங்கள் வேலை. ஒரே நாளில் எட்டு இடம் ஓடிவிட்டு நடுச்சாமத்தில் வந்து சேர்ந்தோம். இம்முறை நான் வரவில்லை என்றால், எல்லாருடைய சந்தோசத்தையும் கெடுக்கிறாள் என்பார்கள். என்ன செய்ய?
வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, நீங்கள் கட்டாயம் போக வேண்டும். வீட்டில் நின்றுவிட்டால் அடுத்த வருஷமும் இதே பயணம்தான், அம்மா மட்டும் தனியாகச் சமைப்பார். கடற்கரை வரை போயும் நீங்கள் இருவரும் ஆறுதலாகக் கால் நனைக்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதலில் சமையலை நிறுத்துங்கள். வழிக்குப் பணிசும் வாழைப்பழமும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் போதும், பகல் சோற்றைத் திருமலையில் வாங்கலாம். செலவு என்று மச்சான் சொன்னால் கோழி, அரிசி, தேங்காய், காஸ் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டுங்கள்.

எட்டு இடமும் வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து போக வர 300 கிலோமீற்றருக்கு மேல். முந்தி வாகரை வழியே போனவர்கள் துறைக்குத் துறை, வாகனத்தை அக்கரைக்கு ஏற்றிப் போகும் மிதவையான பாதைக்குக் காத்துக் கிடந்தார்கள். இப்போது பாலங்கள் வந்துவிட்டன. கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009 இல் திறந்தது. மிச்சமான நேரத்தை இன்னும் நாலு இடத்துக்கு ஓடிச் செலவழிப்பதா? முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். வருஷப் பிறப்புக்கு வீட்டில் கைவிசேடம் வாங்கி, இனசனத்தைப் பார்த்துவிட்டு, சில நாள் கழித்துப் புறப்படுங்கள். விடுமுறையின் முதல் நாட்களில் தெற்கிலிருந்தும் சனம் வந்து நிறையும், அறை வாடகையும் ஏறும்.

திருமலை நகரத்துக்கு ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் துறைமுகம். அதனால் கிழக்குக் கரையில் இருந்துகொண்டே, பொழுது சாய்வதையும் கப்பல் நிற்கிற தண்ணீரின் மேல் பார்க்கலாம். பின்னேரம் உட்துறைமுகப் பக்கம் போய் ஒரு மணித்தியாலம் சும்மா இருங்கள். பிறகு டச்சுக்குடாக் கடற்கரையில் கடலை வாங்கிக் கொறித்தபடி பிள்ளைகளை மணலில் விளையாட விடுங்கள். அங்கே யாரும் உங்களிடம் தேத்தண்ணி கேட்கக் கூடாது. இதை வானில் ஏறும்போதே எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிடுங்கள்.

கோணேசர் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். சம்பந்தர் பாடிய தலம், அவசரமாகக் கும்பிட்டு ஓடுகிற இடமல்ல. வெயில் ஏறினால் வெறுங்காலில் கல் சுடும், அம்மா நடக்கமாட்டார். கோட்டைக்குள் திரிகிற மான்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ஆனால் அந்தப் பக்கம் பொலித்தீன் பையைப் போட விடாதீர்கள், அவை தின்றுவிடும். பிறகு நிலாவெளியில் ஒரு கடற்குளிப்பு. சித்திரையில் கடல் பெரும்பாலும் அமைதிதான், என்றாலும் குடித்தவர் எவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, மச்சானும்தான். புறாத்தீவுக்குப் படகேறி இறங்க வேண்டும், அம்மாவோடு போகும்போது அதை விட்டுவிடலாம். அதற்குப் பதில் கன்னியா போங்கள். ஏழு கிணற்றுத் தண்ணீரும் ஏழு விதச் சூடு, அள்ளி வார்த்துக் குளிக்க அம்மாவுக்குப் பிடிக்கும்.

இவ்வளவையும் வான் பேசுவதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். கோபமாக வேண்டாம், மற்றவர்களுக்கு முன்னாலும் வேண்டாம். “நானும் அம்மாவும் ஒரு நாள் சும்மா இருந்து கடல் பார்க்க ஆசைப்படுகிறோம்” என்றால் போதும். அநேகமான ஆண்கள் இதைக் கவனிக்காமலே இருந்துவிடுகிறார்கள், சொன்னால் விளங்கிக்கொள்வார்கள். அப்படியும் ஒத்துவராவிட்டால் இம்முறை அவர்கள் வானில் போகட்டும். இன்னொரு சனிக்கிழமை, அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பில் திருமலை பஸ் ஏறுங்கள்.