வெளுத்த தேள்

அன்புள்ள ஐயா,

நண்பர்களுக்காக டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கதை சொல்லிப் பகடை உருட்டி ஆடும் ஆட்டத்தை நடத்துகிறேன். இந்த முறை நானே ஒரு ராட்சதப் பிராணியை உருவாக்கினேன். பத்து மீட்டர் நீளம், பூரான் உடல், வாலில் தேள் கொடுக்கு. மூன்றே சுற்றில் கொன்றுவிட்டார்கள். யாருக்கும் பயமே வரவில்லை. விஷத்தை எவ்வளவு கூட்டினால் பயம் வரும்? அத்தனை பெரிய பூரான் இருக்கவே முடியாது என்று ஒரு நண்பன் வேறு கேலி செய்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

அன்புள்ள நண்பருக்கு,

அந்த நண்பனை விடுங்கள். டிராகன் பறக்கும் உலகத்தில் பூரானை மட்டும் அளந்து பார்ப்பவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

விஷத்துக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தின் 2014 விதிகளில் உள்ள ராட்சதத் தேளுக்கு 52 ஹிட் பாயிண்ட், அதாவது சாவதற்கு முன் அது தாங்கக்கூடிய அடியின் அளவு. அது கொட்டினால் விஷத்துக்கு மட்டும் நான்கு பத்துமுகப் பகடைகளை உருட்ட வேண்டும். நீங்கள் எட்டு உருட்டலாம், பதினாறும் உருட்டலாம். ஆட்டக்காரர்கள் சாவார்கள், பயப்பட மாட்டார்கள். பகடையைக் கூட்டிப் பயத்தை வரவழைக்கப் பார்ப்பது சோம்பேறித்தனம். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு பிராணியை உருவாக்கினேன் என்கிறீர்கள், கடிதத்தில் இருப்பதோ ஒரு நீளமும் ஒரு கொடுக்கும்தான். அது எதற்காகக் கொட்டுகிறது? விஷம் சும்மா சுரப்பதில்லை, அதற்கு உடல் செலவழிக்க வேண்டும். அதனால் தேள் அதைச் சிக்கனமாகவே வைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் தெற்கே வாழும் பாராபுத்தஸ் தேள் முதலில் தெளிந்த ஒரு துளியைத்தான் விடும். பொட்டாசியம் உப்பு மிகுந்த அந்தத் துளி வலிக்கவைத்து விரட்டப் பார்க்கும். தொல்லை தொடர்ந்தால்தான் பால் போன்ற விஷம் வரும். உங்கள் பிராணி மனிதனை நசுக்கியே கொன்றுவிடலாமே, அதற்கு விஷம் எதற்கு? அது எதற்கோ அஞ்ச வேண்டும்.

எதற்கு என்று யோசித்தீர்களா? சில நாட்களாக நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தேள், பூரான் போன்ற கணுக்காலிகளுக்குச் சட்டகம் உடம்புக்கு வெளியே இருக்கிறது. ஓடு வளராது, உடல் வளரும். ஆகவே ஓட்டைக் கழற்றியே ஆக வேண்டும். பாம்பு சட்டை உரிப்பதுபோல என்று நினைத்துவிடாதீர்கள். இதில் ஒவ்வொரு காலையும் பழைய காலுக்குள்ளிருந்து உருவி எடுக்க வேண்டும். கொடுக்கையும் அப்படித்தான். புது ஓடு இறுகும்வரை ஓடவோ சண்டையிடவோ வலுவிருக்காது.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஒரு குட்டித் தேளைக் கண்ணாடிக் குப்பியில் வைத்திருந்தேன். சில நாட்களாக அது எதையும் தொடவில்லை. போட்ட பூச்சி அதன் முதுகின் மேலேயே ஏறி நடந்தது. ஒரு இரவு விளக்கடியில் பார்த்தால் அதன் முகப்பக்கம் ஓடு பிளந்து, உள்ளிருந்து வெள்ளையாக ஏதோ பிதுங்கி வந்துகொண்டிருந்தது. வலியில் துடிக்கிறது என்று நினைத்தேன். உதவி செய்வதாக எண்ணிக் குச்சியால் தள்ளினேன், இழுத்தும் பார்த்தேன். காலையில் பாதி உடல் வெளியே, பாதி பழைய ஓட்டுக்குள் செத்துக் கிடந்தது. அக்கா குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அது பாட்டுக்கு வந்திருக்கும், எதுக்குடா தொட்ட?" என்றாள். அந்தத் தேள் இருட்டான மூலையைத் தேடியிருக்கும். குப்பிக்கு மூலையே கிடையாது. இத்தனை வருடம் கழித்தும் தேளைப் பற்றி யார் பேசினாலும் எனக்குக் கொடுக்கு ஞாபகம் வருவதில்லை, அந்த வெள்ளை நிறம்தான் வருகிறது.

உங்களுக்குப் பயன்படும் இன்னொரு விஷயம். இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து கடற்கரையில் 2018இல் ஆர்த்ரோப்ளூராவின் புதைபடிவம் ஒன்று கிடைத்தது. மரவட்டையின் பழங்கால உறவு அது. சுமார் 32.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. முழு உடல் ஏறக்குறைய 2.6 மீட்டர், எடை 50 கிலோ இருக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள். ஆனால் அங்கே கிடைத்தது பிணம் அல்ல, பெரும்பாலும் அது உரித்துப்போட்ட ஓட்டின் ஒரு பகுதி. அதற்குள் மணல் நிரம்பிக் கல்லில் தங்கிவிட்டது. அத்தனை பெரிய உயிர், ஓடில்லாமல் மெத்தென்று கிடந்த அந்த நேரத்தை எங்கே ஒளிந்து கழித்திருக்கும்? எனக்கு இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த முறை சுரங்கத்தில் உங்கள் பிராணி உரித்துப்போட்ட சட்டையை முதலில் காட்டுங்கள். பத்து மீட்டர் நீளம், உள்ளே காலி, முகப்பக்கம் பிளந்திருக்கிறது. ஒவ்வொரு காலின் உறையும் அப்படியே இருக்கிறது. தொட்டால் இன்னும் ஈரம் காயவில்லை. அவசரப்படுத்தாதீர்கள், அவர்கள் அதைச் சுற்றி வரட்டும். அப்புறம் யாராவது தீப்பந்தத்தைத் திருப்பும்போது, பாறை இடுக்கில் வெளுத்துப்போய், கால்களை மடக்கிக்கொண்டு அது. விஷத்துக்கு அந்த நான்கு பகடையே போதும். வாளை முதலில் ஓங்கியது யார், அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தது யார் என்று மட்டும் எனக்கு மறக்காமல் எழுதுங்கள்.