அப்பாவின் ஹொண்டா நைன்ரியும் அதன் ஓட்டையும்

கேள்வி இது: "அப்பா பாவித்த எழுபதுகளின் ஹொண்டா மோட்டார் சைக்கிள் ஒன்று பத்து வருடமாக ஓடாமல் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு ஹோலில் அலங்காரமாக வைக்க ஆசை. வெட்டி மேசையாகவோ லைற்றாகவோ மாற்றுவதா, முழுதாகப் புதுப் பெயின்ற் அடித்து வைப்பதா? செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்."

நான் செய்திருக்கிறேன். அரியாலையில் எங்கள் வீட்டு விறாந்தையைத் தாண்டி உள்ளே வந்தால் முதலில் கண்ணில் படுவது அப்பாவின் ஹொண்டா சி 90தான். ஊரில் அதற்கு நைன்ரி என்று பெயர். கோடியில் மாட்டுக் கொட்டிலுக்குள் பழைய சாக்குகளுக்கு அடியில் கிடந்ததை உள்ளே கொண்டுவந்து மூன்று வருடமாகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வெட்டாதீர்கள். பெயின்ற்றும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் உங்கள் அப்பா அந்த வண்டியில் என்னென்ன மாற்றம் செய்தார் என்று தேடிப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே ஒரு பிழையை விட்டுத்தான் பாடம் படித்தேன்.

எங்கள் நைன்ரியின் முன்பக்கம் காலுக்கு வரும் வெள்ளைப் பிளாஸ்ரிக் மறைப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை இருந்தது. ஓரமெல்லாம் உருகிச் சுருண்டிருந்தது. எனக்கு அது வெறும் உடைவாகத்தான் தெரிந்தது. நகரத்தில் ஒரு உதிரிப்பாகக் கடையில் புது மறைப்பு கிடைத்தது. வாங்கிப் பூட்டினேன், பளிச்சென்று இருந்தது. அம்மா வந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தம்பி, அந்த ஓட்டை எங்கை?" என்று கேட்டார்.

அந்த ஓட்டை அப்பா கத்தியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி வெட்டியது. 1990 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கியபிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவில்லை. பற்றறி, சீமெந்து என்று தடைப்பட்ட சாமான்கள் எத்தனையோ. ஒளித்துக் கொண்டுவந்து விற்ற பெற்றோலின் விலையில் ஒரு சம்பளக்காரரால் வண்டி ஓட முடியாது. அதனால் யாழ்ப்பாணம் முழுக்க வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் முதல் இந்தச் சின்ன ஹொண்டாக்கள் வரை எல்லாம்தான். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுக்குள் ஆவியாகாது. பெற்றோல் உறைகுளிரிலும் ஆவியாகித் தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேலே சூடு வேண்டும். எனவே தொடக்கத்துக்கு மட்டும் சில சொட்டுப் பெற்றோல். அதை வாய் சிறுத்த சூப்பிப் போத்தலில் வைத்திருந்து காபரேற்றருக்குள் பீச்சி, உதைத்து, எஞ்சின் சூடேறும்வரை முறுக்கிப் பிடித்து, அப்புறம் மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை. பிளக்கில் கரி. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துத் தெருக்களுக்கே அந்த வாசம்தான்.

நைன்ரியில் காபரேற்றர் அந்த வெள்ளை மறைப்புக்குப் பின்னால் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மறைப்பைக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது. அதற்காகத்தான் கை போகும் அளவுக்கு ஒரு ஓட்டை. 1995 ஒக்ரோபர் 30ஆம் தேதி இரவு முழு ஊரும் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது அம்மம்மாவைப் பின்னால் இருத்தி, முன்னால் இரண்டு மூட்டையோடு, நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியது இதே வண்டி. சனநெரிசலில் ஓட்ட முடியாமல் அப்பா பெரும்பாலும் உருட்டிக்கொண்டுதான் போனாராம். நின்று நின்று போனதால் எஞ்சின் ஆறிவிடும். ஆறினால் திரும்பவும் அந்த ஓட்டைக்குள் கையை விட வேண்டும்.

அம்மா இதைச் சொல்லி முடித்த அன்றைக்கே புது மறைப்பைக் கழற்றிவிட்டுப் பழையதைப் பூட்டினேன். நல்லவேளை, அதை எறியவில்லை.

இந்த வண்டியின் வரலாறு தெரிந்தால் அந்த மறைப்பின் அருமை இன்னும் விளங்கும். சுப்பர் கப் என்ற இந்த வரிசை 1958இல் ஜப்பானில் வந்தது. ஒரு கையில் நூடில்ஸ் தட்டோடு போகும் கடைப்பையனும் மற்றக் கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்றுதான் கிளச் பிடி இல்லாமல் செய்தார்கள். சேறு காலில் தெறிக்காமலிருக்க அந்தப் பிளாஸ்ரிக் மறைப்பு. 2017இல் இந்த வரிசையின் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. உலகத்தில் இவ்வளவு எண்ணிக்கையில் செய்யப்பட்ட வேறொரு மோட்டார் வண்டி இல்லை. ஆக, ஒரு நைன்ரி என்பது அரிய பொருள் இல்லை. அந்த ஓட்டையுள்ள நைன்ரிதான் அரிய பொருள். புதுப் பெயின்ற்றும் குரோமும் போட்டால் அந்த 10 கோடியில் இன்னொன்றாகிவிடும்.

சரி, அப்படியே கறளோடு, அதாவது துருவோடு, வைப்பதா என்றால் இல்லை. கறளை நிறுத்த வேண்டும். என் நேரம் எல்லாம் போனது இதில்தான்.

அரியாலை கடல்நீரேரிக்குப் பக்கம். சோளகம் அடிக்கும் மாதங்களில் காற்றிலேயே உப்பு இருக்கும். அதோடு எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளிருந்து வருவது. கழுவிக் காயவிட்டால் வெள்ளையாகப் படியும், உப்புக் கலந்த கிணறென்றால் கறளையும் கூட்டும். நான் முதல் கழுவலைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்போடு செய்தேன். கடைசி அலசலுக்குப் பீலியில் பிடித்த மழைத்தண்ணீர். உடனே பழந்துணியால் துடைத்து, வெயிலில் ஒரு பகல் முழுக்க விட்டேன். மாரியில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். பங்குனி, சித்திரை வெயில்தான் நல்லது.

குரோம் பூசிய இடங்களுக்கு, அதாவது சில்லு வளையம், ஹான்டில், சைலன்சருக்கு, சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். கறள் கரைந்து வரும், குரோமில் கீறல் விழுவதும் குறைவு. கம்பித் தும்பு வேண்டாம். பெயின்ற் உள்ள இடத்தில் கறள் பொட்டுப் பொட்டாக இருந்தால் அந்தப் பொட்டை மட்டும் மெல்லிய சாண்ட் பேப்பரால் தேய்த்து, நிறமில்லாத மெழுகு பூசினால் போதும். ஒரு பக்க மூடியை மட்டும் பெயின்ற் கடையில் கொடுத்தேன். கேட்காமலே முழுதையும் சுரண்டிப் புது நிறம் அடித்துத் தந்துவிட்டார்கள். அப்பாவின் முழங்கால் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்த இடம் அதில் போய்விட்டது. இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் பார்க்க மனம் வராது. அதனால் சொல்கிறேன், எதையும் வெளியே கொடுக்கும் முன் எதைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுங்கள்.

தேங்காயெண்ணெய் பூசச் சொல்லி யாராவது சொல்வார்கள். வேண்டாம். காலப்போக்கில் பிசுபிசுத்து, ஊத்தை ஒட்டி, எறும்பும் வரும். மெஷின் ஒயில் போதும்.

பெற்றோல் தாங்கி நைன்ரியில் சீற்றுக்கு அடியில் இருக்கும். வீட்டுக்குள் கொண்டுவரும் முன் அதை ஒரு சொட்டும் விடாமல் வெறுமையாக்குங்கள். வெறுந் தாங்கிதான் கூடுதல் ஆபத்து, ஏனென்றால் அதற்குள் ஆவி நிற்கும். பக்கத்தில் வெல்டிங், சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது. நான் கழற்றி வெளியே வைத்துச் சோப்புத் தண்ணீரால் பல முறை அலசினேன். பிறகு வினாகிரி நிறைத்து, ஒரு பிடி சின்ன நட்டுகளையும் போட்டு இரண்டு நாள் விட்டு, இடைக்கிடை குலுக்கினேன். வெளியே வந்தது கோப்பிக் கஷாயம் மாதிரி. அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே தலைமயிர் காயவைக்கும் மெஷினால் உலர்த்தி, உள்ளே மெல்லிய ஒயில் விட்டு உருட்டி எடுத்தேன். இந்த உலர்த்தலைப் பிந்தினால் அன்று மாலையே திரும்பக் கறள் பூக்கும்.

எஞ்சினைக் கைவிட்டுவிடாதீர்கள், ஓட்டாவிட்டாலும். பழைய ஒயிலை வடித்துப் புது ஒயில் விடுங்கள். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினில் பழைய ஒயில் தண்ணீராய் இளகிப்போய்த்தான் வந்திருக்கும். பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி ஒயிலை உள்ளே விட்டு, மெதுவாக ஏழெட்டுத் தடவை உதையுங்கள். நைன்ரியின் சிலிண்டர் படுத்த நிலையில் இருப்பது. உதைக்காவிட்டால் ஒயில் அடிப்பக்கத்திலேயே தங்கிவிடும். பிளக்கைத் திரும்பப் பூட்டி, கால் கனக்கும் இடத்தில் நிறுத்தினால் வால்வு இரண்டும் மூடியிருக்கும், ஈரக்காற்று உள்ளே போகாது. சைலன்சர் வாயைத் துணியால் அடையுங்கள். எங்கள் சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது, கம்பி விட்டுக் குத்தித்தான் எடுத்தேன். பற்றறியைக் கட்டாயம் அகற்றுங்கள். அதற்குள் இருக்கும் அசிட் கசிந்தால் சேஸியும் போகும் நிலமும் போகும்.

இப்போது அலங்காரம். வண்டியின் நிறை ஏறக்குறைய 85 கிலோ. ரயர் நேரே ரைல்சில் பட்டு நின்றால் கறுப்பு அடையாளம் விழும், பிறகு போகாது. காற்றுக் குறைந்து ஒரே இடத்தில் நின்றால் ரயரும் சப்பையாகும். எங்கள் பழைய வீட்டை இடித்தபோது எடுத்து வைத்திருந்த பனந்தீராந்திகள் சில இருந்தன. ஊரில் ஒரு தச்சரைக் கொண்டு அவற்றை இழைத்துச் சேர்த்து முழங்கால் அளவும் இல்லாத உயரத்தில் ஒரு மேடை செய்தோம். பனை வைரத்தின் கறுப்பு வரிகள் எழும்பி வந்தபோது அந்த மனிதரே வேலையை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினுக்கு அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்ததால் இரண்டு ரயரும் ஒரு விரல் அளவு மேலே நிற்கின்றன. கட்டைக்கு அடியில் சின்னத் தகரத் தட்டு, ஒயில் சொட்டினால் பிடிக்க. செலவில் பெரும்பகுதி இந்த மேடைக்குத்தான். என் கண்ணுக்கு அழகு முழுதும் இதில்தான் இருக்கிறது.

முன் லைற் எரிய வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. பழைய வயரிங் 6 வோல்ற், அதில் கை வைக்கவில்லை. லைற் கோப்பைக்குள் ஒரு சின்ன எல்.ஈ.டி. பல்ப்பைத் தனியாகப் பொருத்தி, வயரை ஹான்டில் வழியே இறக்கி, மேடைக்குப் பின்னால் ஒரு அடப்ரருக்குக் கொடுத்திருக்கிறேன். மஞ்சள் வெளிச்சம் வாங்குங்கள், வெள்ளை வெளிச்சம் கடை போலிருக்கும். நான் சேர்த்த பொருள் என்றால் இந்த லைற்றும் மேடையும்தான். இரண்டையும் அரை மணித்தியாலத்தில் கழற்றிவிடலாம்.

நம்பர் பிளேற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் கால வண்டிகளில் நடுவில் சிங்கள ஸ்ரீ எழுத்து இருக்கும். அந்த எழுத்தை எதிர்த்து 1957, 58இல் யாழ்ப்பாணத்தில் தார்ச் சட்டியும் தூரிகையுமாக ஒரு போராட்டமே நடந்தது. பிள்ளைகள் வந்து இது என்ன எழுத்து என்று கேட்பார்கள். கேட்கட்டும் என்றுதான் நான் அதைக் கழற்றவில்லை, புதிதாக எழுதவும் இல்லை. பதிவுப் புத்தகத்தையும் பத்திரமாக வையுங்கள். மேடையேறிவிட்டது என்பதற்காக எஞ்சின், சேஸி நம்பர்களைத் தேய்க்கவோ பெயின்ற்றால் மூடவோ வேண்டாம். சொந்த வண்டி இல்லாமல் வெளியில் வாங்கி வைக்கும் எண்ணம் யாருக்கும் இருந்தால், இந்த நம்பர்கள் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

உங்கள் கேள்வியில் வண்டி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று இல்லை. தண்ணீர் படும் முன் பக்க மூடிகளைத் திறந்து, ஸ்பனர் போன்ற திருத்த வேலைச் சாமான்கள் வைக்கும் இடத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள். எங்களுடையதில் பிளக் ஸ்பனரைச் சுற்றியிருந்த துணிக்குள், வாய் சிறுத்த ஒரு பிளாஸ்ரிக் போத்தல் இருந்தது. மஞ்சளித்து, அடியில் காய்ந்த கறையோடு. மூடியை நூலால் கழுத்தில் கட்டியிருந்தார் அப்பா, தொலைந்துவிடக் கூடாதென்று. அதைக் கழுவவில்லை. இருந்த துணியிலேயே சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்து மூடியிருக்கிறேன்.