திருவிழாக் காணொளியில் தவிலடி முந்திக் கேட்பது ஏன்?

திருக்கோணேச்சரத்தில் கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு மணிநேரக் காணொளியைக் கணினியில் போட்டால், தவில்காரரின் கை விழும் முன்பே அடி கேட்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தொடக்கத்திலும் முடிவிலும் விலகல் ஒரே அளவா, போகப்போகக் கூடுகிறதா? முதலில் இதைப் பாருங்கள். மருந்து அதைப் பொறுத்தது.

ஒரே அளவென்றால் வேலை எளிது. விண்டோஸ் கணினியில் வி.எல்.சி. பிளேயரில் கே விசையை ஒருமுறை அழுத்தினால் ஒலி 50 மில்லிவினாடி பின்தள்ளப்படும். ஜே விசை முன்னே இழுக்கும். ஒலி பிந்தினால் புளூடூத் ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தாமதம் அதில்தான்.

கூடிக்கொண்டே போனால், பெரும்பாலும் கோப்பின் கோளாறு. கைத்தொலைபேசிகள் வெளிச்சம் குறையும்போது வினாடிக்கு 30 சட்டகங்களுக்கு (ஃபிரேம், அதாவது தனித்தனிப் படங்கள்) பதிலாகக் குறைவாகப் பதிவுசெய்யும். அந்த மாறும் வேகத்தைச் சில மென்பொருள்கள், குறிப்பாகத் தொகுப்பு மென்பொருள்கள், நிலையானதாகக் கணக்கிட்டுவிடுகின்றன. இரவுத் திருவிழாப் பதிவுகள் இதில் அதிகம் அடிபடுகின்றன. காணொளிகளை மாற்றும் இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ (நிலையான சட்டக வேகம்) தெரிவுசெய்து மாற்றியெடுங்கள். மூலக் கோப்பை மட்டும் தயவுசெய்து அழிக்காதீர்கள். அந்த வாசிப்பு மறுபடி கிடைக்காது.

இன்னொன்று: தூரத்தில் நின்று எடுத்திருந்தால் ஒலி இயல்பாகவே பிந்தும். காற்றில் அது வினாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றரே செல்லும். 100 மீற்றர் தொலைவுக்கு 0.3 வினாடி. அதற்கு ஜே விசையை ஆறுமுறை அழுத்தினால் போதும்.